குருதிவழித் தொற்றும் வாழ்நாளும்: வன்னிப் பெருநிலப்பரப்பை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

பிறரின் குருதி ஏற்றப்பட்டதனால் எச்.ஐ.வி. தொற்றுக்கு உள்ளான வளர்ந்த ஒருவர் எத்தனை ஆண்டுகள் உயிர் வாழ்வார்? இது மருத்துவ நூலுக்கே உரிய வினா என்று தோன்றலாம். ஆயின், இதற்குரிய விடை காலத்துக்குக் காலம், நாட்டுக்கு நாடு வேறுபட்டு வந்துள்ளது. 1985இல் தொற்றுக்கு உள்ளான ஒருவருக்கு வைத்தியர் கூறக்கூடிய விடை வேறு. 2005இல் அதே தொற்றுக்கு உள்ளானவருக்குக் கூறத்தக்க விடை வேறு. இந்த இருபது ஆண்டுகளில் மனித உடலின் இயல்பு மாறிவிடவில்லை. குருதியைச் சோதிக்கும் முறையும், மருந்தும், மருந்தின் விலையும், அரசுகளின் பொறுப்புணர்வும், நோயாளியைச் சமூகம் நடத்தும் விதமுமே மாறின. எனவே இதனை வரலாற்று வினாவாகவும் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வினாவை வன்னிப் பெருநிலப்பரப்பை முன்வைத்து ஆராய்வதற்கு ஒரு காரணம் உண்டு. வன்னி என நாம் ஈண்டுக் குறிப்பது வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களையாகும். இவற்றுள் முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. குருதிமாற்று பெரிதும் வேண்டப்படும் நிலைமைகள் மூன்று: மலேரியாவினால் விளையும் கடுங் குருதிச்சோகை, மகப்பேற்றின்போது நேரும் குருதிப்பெருக்கு, போர்க்காயம். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த நிலம் வன்னி. உலகின் வேறு சில பகுதிகளில் இதே நிலைமைகள் குருதிவழித் தொற்றைப் பெருக்கின. வன்னியில் அவ்வாறான பெருக்கம் எதுவும் பதிவாகவில்லை. இந்த வேறுபாட்டுக்குரிய காரணங்களை ஆராய்வதும், அவற்றிலிருந்து இன்று நாம் பெறத்தக்க படிப்பினையைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

2

எயிட்ஸ் நோய் முதன்முதலாக 1981இல் ஐக்கிய அமெரிக்காவிலே இனங்காணப்பட்டது. அது குருதியினூடாகவும் பரவக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் அடுத்த ஆண்டிலேயே கிடைத்துவிட்டன. 1982 யூலையில் குருதி உறையா நோயுடைய மூவரிடத்து அந்நோய் காணப்பட்டதாக அறிக்கை வெளியாயிற்று. அதே ஆண்டு டிசெம்பரில், குருதி ஏற்றப்பட்ட குழந்தையொன்று நோயுற்றமை சான்பிரான்சிஸ்கோவிலிருந்து அறிவிக்கப்பட்டது. நோய்க்குக் காரணமான வைரசு 1983-84 காலப்பகுதியில் கண்டறியப்பட்டது. அதற்கெதிராகக் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரியைக் கண்டறியும் சோதனைக்கு 1985 மார்ச்சில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.

சோதனை கைக்கு எட்டிய பின்னரும் எல்லா நாடுகளும் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பிரித்தானியாவில் தானக் குருதியைச் சோதிக்கும் நடைமுறை 1985 ஒக்டோபரிலேயே தொடங்கியது. பிரான்சிலோ உள்நாட்டு நிறுவனத்தின் சோதனைமுறை ஆயத்தமாகும்வரை காலம் கடத்தப்பட்டது. அன்றியும், வெப்பமூட்டித் தூய்மையாக்கப்படாத குருதிப்பொருள்கள் ஆபத்தானவை என்பது தெரிந்த பின்னரும் அவை 1985 ஒக்டோபர் வரை நோயாளருக்கு வழங்கப்பட்டன. இதன் பொருட்டு அந்நாட்டின் தேசிய குருதிமாற்று நிலையத்தின் தலைவராயிருந்த மிஷேல் கரெத்தா 1992இல் நீதிமன்றத்தினால் தண்டிக்கப்பட்டார். சில மாதத் தாமதம் என்பது ஏட்டில் சிறியது; அம்மாதங்களில் ஏற்றப்பட்ட ஒவ்வோர் அலகுக் குருதிக்கும் அது பெரியது. தொற்றுள்ள ஓரலகு குருதியைப் பெற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை தொற்றுக்கு உள்ளாவர் என்பது பின்னைய ஆய்வுகளால் நிறுவப்பட்டது. வேறெந்த வழியாலும் இவ்வைரசு இத்துணை உறுதியாகத் தொற்றுவதில்லை.

இங்கே பொருளியல் அடித்தளத்தையும் கருத்திற் கொள்ள வேண்டும். இலண்டன் பேராசிரியர் றிச்சர்ட் டிற்மஸ் 1970இல் வெளியிட்ட தமது நூலில், குருதியை விலைக்கு வாங்கும் அமெரிக்க முறையையும் கொடையாகப் பெறும் பிரித்தானிய முறையையும் ஒப்பிட்டு, விற்கப்படும் குருதியே நோயை மிகுதியாகக் காவும் என வாதிட்டிருந்தார். வறுமையினால் குருதி விற்பவன் தன் நோயை மறைக்க நேரிடும். கொடையாளிக்கு அத்தேவை இல்லை என்பதே அவரது வாதத்தின் சாரம். அந்நாளில் அவர் மனத்திலிருந்த நோய் ஈரலழற்சி. எச்.ஐ.வி. அவரது வாதத்தைக் கொடிய முறையில் மெய்ப்பித்தது. கொடைமுறைக்கு எடுத்துக்காட்டாக அவர் போற்றிய பிரித்தானியாவே, ஆயிரக்கணக்கானோரின் குருதித் திரவவிழையத்தைக் கலந்து செய்யப்பட்ட அமெரிக்க மருந்தை இறக்குமதி செய்து, குருதி உறையா நோயாளருக்கு வழங்கிற்று. அதற்கு மூலப்பொருள் தந்தோரிற் பலர் பணத்துக்காகக் கொடுத்தவர்கள். சிறைக் கைதிகளும் அவர்களுள் இருந்தனர். அவ்வாறு அந்நாட்டில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான குருதி உறையா நோயாளர் ஏறத்தாழ 1,250 பேர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் இறந்துவிட்டனர். இது பற்றி ஆராய்ந்த பொது விசாரணையின் அறிக்கை 2024 மேயில் வெளியாயிற்று. நிகழ்ந்தது விபத்தன்று என்பதும், உண்மை மறைக்கப்பட்டது என்பதும் அவ்வறிக்கையின் முடிபுகளாம்.

3

இந்நோயாளர்களே வாழ்நாள் பற்றிய வினாவுக்கு முதன்முதல் தெளிவான விடையைத் தந்தனர் என்பது துயரமான உண்மை. குருதி உறையா நோயாளர் பலரின் குருதி மாதிரிகள் பேணப்பட்டிருந்தமையால், தொற்று ஏற்பட்ட காலத்தை ஏறத்தாழ அறிய முடிந்தது. எனவே தொற்றிலிருந்து மரணம் வரையான காலத்தைக் கணக்கிடுவதும் இயல்வதாயிற்று.

பிரித்தானியாவின் குருதி உறையா நோயாளர் அனைவரையும் உள்ளடக்கிய ஆய்வொன்று 1995இல் வெளியிடப்பட்டது. கடுமையான குருதி உறையா நோயுடையோருள் 1977 முதல் 1984 வரை ஆண்டொன்றுக்கு ஆயிரவரில் எண்மர் இறந்தனர். 1985இன் பின்னரும் தொற்று இல்லாதோரிடத்து இவ்வீதம் மாறவில்லை. தொற்றுடையோரிடத்தோ அது ஏறிக்கொண்டே சென்று, 1991-92இல் ஆயிரவருக்கு 81 ஆயிற்று. ஒரே நோய், ஒரே சிகிச்சை, ஒரே நாடு; வேறுபாடு வைரசு ஒன்றே. எயிட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி. காரணமன்று எனப் பீட்டர் டியூஸ்பேர்க் முதலியோர் 1987 முதல் எழுப்பி வந்த வாதத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

மருந்தற்ற காலத்தில் வாழ்நாளைத் தீர்மானித்த தலையாய காரணி வயது. பதினைந்து நாடுகளைச் சேர்ந்த 13,000 பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஒருங்கிணைத்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுக்குள் தொற்றுக்கு உள்ளானோரிற் பாதிப்பேர் 12.5 ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர். 45 முதல் 54 வயதுக்குள் தொற்றியோருக்கு இக்காலம் 7.9 ஆண்டுகளாகக் குறைந்தது. வயதைக் கணக்கிலெடுத்த பின்னர், தொற்று எவ்வழியாக வந்தது என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. இது நாம் கருத்தூன்றி நோக்க வேண்டிய முடிபு. குருதிவழி வந்தவரைக் குற்றமற்றவர் என்றும், பிறவழி வந்தவரைக் குற்றவாளி என்றும் சமூகம் இரு கூறாக்கியது. வைரசு அவ்வேறுபாட்டை அறியாது. எனினும், குருதிமாற்றுப் பெற்றோர் பொதுவாக மூத்த வயதினர். வேறு நோயினாலோ காயத்தினாலோ ஏற்கெனவே நலிந்தவர்கள். அவர்கள் விரைவாக மடிந்தமைக்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

வயது உடலின் அளவுகோல் என்றால், சமூகத்தின் அளவுகோல் ஒன்றும் உண்டு. 1987இல் முதல் மருந்து வந்தது. அதனைத் தனித்துப் பயன்படுத்தியபோது வைரசு விரைவில் எதிர்ப்புத்திறன் பெற்றது. 1996இல் மூன்று மருந்துகளை ஒருங்கே வழங்கும் முறை வெற்றி தந்தது. செல்வந்த நாடுகளில் எயிட்ஸ் மரணங்கள் ஓரிரு ஆண்டுகளுள் பெருவீழ்ச்சி கண்டன. ஆயின் ஆண்டொன்றுக்கு 10,000 டொலரைத் தாண்டிய விலை, ஆசிய ஆபிரிக்க மக்களுக்கு அம்மருந்தை இல்லாததாகவே ஆக்கிற்று. 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைவான விலையில், அதாவது ஆண்டுக்கு 350 டொலருக்கு, அம்மருந்துத் தொகுதியைத் தர முன்வந்தது. காப்புரிமையின் பெயரால் நின்ற விலைச்சுவர் இதன் பின்னரே சரியத் தொடங்கியது. இந்திய அரசு 2004 ஏப்ரலில் இலவசச் சிகிச்சையைத் தொடங்கிய எட்டு நிலையங்களுள் சென்னைத் தாம்பரம் வைத்தியசாலையும் ஒன்று. இலங்கையிலும் அதே ஆண்டின் இறுதியளவில் அரசு இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கியது. 1996இற்கும் 2004இற்கும் இடைப்பட்ட எட்டாண்டுகளில் இறந்த ஏழை நாட்டவர், மருந்து கண்டுபிடிக்கப்படாமையால் இறந்தவரல்லர், விலையினால் இறந்தவர்கள்.

4

தமிழ் கூறு நல்லுலகில் இவ்வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வைத்தியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதலாவது எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் வேலூரிலே சோதிக்கப்பட்டன. ஆயினும் குருதி வங்கிகள் யாவும் உடனே சீர்பெறவில்லை. தொழில்முறைக் குருதி விற்பனையாளரை நம்பியே பல நகரங்களில் அவை இயங்கின. 1996 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக, 1998 சனவரி முதல் குருதி விற்பனை தடை செய்யப்பட்டது. முதல் தொற்றுகள் தெரியவந்ததற்கும் இத்தடைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

சட்டம் வந்தபின்னும் விழிப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்குச் சாத்தூர் நிகழ்ச்சி சான்று. 2018 டிசெம்பரில், தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்திலே, கருவுற்றிருந்த பெண்ணொருத்திக்குக் குருதிச்சோகையின் பொருட்டுக் குருதி ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. குருதி கொடுத்த இளைஞர், வெளிநாடு செல்வதற்கான சோதனையில் தமக்குத் தொற்றிருப்பதை அறிந்து, தாமே முன்வந்து அச்செய்தியைத் தெரிவித்தார். ஈராண்டுக்கு முன் அவர் குருதி கொடுத்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருந்தும், அது அவருக்கு உரியவாறு தெரிவிக்கப்படவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. பழியைத் தாங்கமாட்டாத அவ்விளைஞர் அம்மாத இறுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பெண் அடுத்த மாதம் மதுரையிலே குழந்தையை ஈன்றாள். உரிய மருந்து வழங்கப்பட்டமையால் குழந்தை தொற்றின்றித் தப்பியது. அவளுக்கு இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் பின்னர் ஆணையிட்டது.

இந்நிகழ்ச்சியில் வைரசினால் இறந்தவர் எவருமிலர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாய்க்கு மருந்து உண்டு. சேய்க்குக் காப்பு உண்டு. உண்மையை மறைக்காது உரைத்த ஒருவரே உயிரிழந்தார். அவரைக் கொன்றது சமூகத்தின் ஏளனமும், நிருவாகத்தின் மௌனமும். 1985இல் வாழ்நாளைக் குறைத்தது வைரசு. 2018இல் அதனைக் குறைத்தது இழிவுபடுத்தல்.

5

இனி வன்னிக்கு வருவோம். குளங்களும் காடுகளும் நிறைந்த இந்நிலத்தில் காய்ச்சல் நெடுங்காலமாக மக்கள் வாழ்வைக் கட்டுப்படுத்தி வந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் டீ.டீ.ரீ. தெளிப்பினால் மலேரியா இலங்கை முழுவதிலும் குன்றி, 1963இல் 17 நோயாளரே பதிவாகினர். ஆனால் கண்காணிப்புத் தளர்ந்தமையால் 1960களின் இறுதியில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்து அது மீண்டெழுந்தது. 1980களின் பின் போர் நுளம்புத் தடுப்புப் பணிகளைச் சிதைத்தது. 1999இல் நாடு முழுவதிலும் 2,50,000இற்கும் அதிகமானோர் மலேரியாவுக்கு உள்ளாயினர். அவர்களுட் பெரும்பகுதியினர் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தவர்கள். இடப்பெயர்வினால் காட்டோரங்களில் கொட்டில் அமைத்து வாழ்ந்த வன்னி மக்கள் இச்சுமையை மிகுதியாகச் சுமந்தனர்.

மலேரியா குருதியின் செவ்வணுக்களை அழிக்கும் நோய். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அதனால் கடுங் குருதிச்சோகைக்கு உள்ளாவர்; அவர்களைக் காப்பாற்றக் குருதி ஏற்றுவதன்றி வேறு வழி இல்லாத நிலையும் உண்டு. அன்றைய சயீர் நாட்டுத் தலைநகரான கின்சாசாவில் நடந்தது இங்கு ஒப்புநோக்கத் தக்கது. மலேரியாவினால் குருதிச்சோகையுற்ற குழந்தைகளுக்கு, சோதிக்கப்படாத குருதி அங்கே ஏற்றப்பட்டது. எத்தனை தடவை குருதி ஏற்றப்பட்டதோ அத்தனைக்குத் தொற்றின் வாய்ப்பும் கூடியது என 1988இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நுளம்பு எச்.ஐ.வி.யைக் காவுவதில்லை, ஆயின் நுளம்பு தரும் நோய்க்குரிய சிகிச்சையே அதனைக் காவிற்று.

கின்சாசாவில் நேர்ந்தது கிளிநொச்சியில் ஏன் நேரவில்லை? காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, இலங்கையில் எச்.ஐ.வி. பரவலே மிகக் குறைவு. 1987இல் முதல் தொற்று அறியப்பட்டதிலிருந்து இன்றுவரை வளர்ந்தோரிடையே அது நூற்றுக்கு 0.1 என்னும் அளவுக்குக் கீழேயே நின்றுள்ளது. தொற்று அரிதாயிருக்கும் சமூகத்தில் குருதியும் பெரும்பாலும் தூயதாயிருக்கும். இரண்டாவது, தானக் குருதியைச் சோதிக்கும் நடைமுறை இலங்கையில் 1980களின் பிற்பகுதியிலேயே தொடங்கியது. இன்று எச்.ஐ.வி., ஈரலழற்சி பீ, ஈரலழற்சி சீ, சிபிலிசு, மலேரியா ஆகிய ஐந்துக்கும் குருதி சோதிக்கப்படுகின்றது. மூன்றாவதை நாம் சிறப்பாக வற்புறுத்த விரும்புகிறோம். குருதியை விற்றுப் பிழைக்கும் தொழில் இங்கு வேரூன்றவில்லை. உறவினரும் ஊரவருமே குருதி கொடுத்தனர். 2014 முதல் இலங்கையின் குருதிச் சேகரிப்பு முழுவதும் தன்னார்வக் கொடையாளரைக் கொண்டே நடைபெறுகின்றது.

சீனாவின் கெனான் மாகாணத்து நிலையை இதனோடு ஒப்பிட்டால் இதன் அருமை புலனாகும். 1990களின் முற்பகுதியில் அங்குள்ள ஏழை உழவர் குருதித் திரவவிழையத்தை விற்றனர். பலரின் குருதியைக் கலந்து, திரவவிழையத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய செவ்வணுக்களை அவர்களுக்கே திருப்பி ஏற்றினர். ஊர் ஊராகத் தொற்று பரவிற்று. வன்னி உழவரும் வறியவரே. எனினும் அவர்தம் குருதியைச் சந்தைப்பொருளாக்கும் அமைப்பு இங்கே தோன்றவில்லை. வறுமை மட்டும் தொற்றைப் பரப்புவதில்லை. வறுமையை முதலாக்கும் வணிகமே அதனைப் பரப்புகின்றது.

6

இம்மூன்று காரணங்களும் மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளான காலம் 2008-09. அதற்கு முன்னரும் வன்னியின் மருத்துவ வாழ்வு சீராயிருந்ததில்லை. 1990களில் மருந்துகள் உட்படப் பல பொருள்கள் உள்ளே செல்வது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் அரசின் பணிப்பின் பேரில் வன்னியை விட்டு வெளியேறின. செஞ்சிலுவைச் சங்கம் எஞ்சி நின்றது. 2009 சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. வைத்தியசாலைகள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தன. பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளானது. அதன்பின் புதுமாத்தளனிலும், இறுதியில் முள்ளிவாய்க்காலிலும், பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் மருத்துவப் பணி நடைபெற்றது.

அரச வைத்தியர்களான த. சத்தியமூர்த்தி, து. வரதராஜா, வீ. சண்முகராஜா முதலியோரும், அவர்களோடு நின்ற தாதியரும் ஊழியரும் இறுதிவரை பணியாற்றினர். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கம் காயமுற்றோரும் நோயாளரும் உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியாக வெளியேற்றியது. எஞ்சியோருக்குக் குருதி வேண்டியிருந்தது. குருதிப்பை இல்லை, சேமிக்கும் குளிரூட்டி இல்லை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அளித்த அறிக்கை, வைத்தியர்கள் நோயாளியின் உடலிலிருந்து வழிந்த குருதியையே திரட்டித் துணியினால் வடித்து, அவரது நாளத்தினுள் மீளச் செலுத்திய நிலையைக் குறிப்பிடுகின்றது.

மருத்துவ வரலாற்றில் இச்செயலுக்குரிய இடத்தை நாம் சுட்டிக் காட்டுதல் தகும். ஒருவரின் குருதியை அவருக்கே மீளச் செலுத்துதல் பழைய முறைதான். 1980களில் எயிட்ஸ் அச்சம் எழுந்தபோது மேலைநாட்டு வைத்தியசாலைகள் இதனை மீண்டும் பெருமளவில் கையாண்டன. அங்கே அதற்கெனத் தூய பொறிகள் இருந்தன. பிறரின் குருதியைத் தவிர்க்கும் வசதி அது. முள்ளிவாய்க்காலில் இருந்தது துணி. அங்கே அது பிறரின் குருதி கிடையாமையின் விளைவு. செயல் ஒன்றே, அதன் பின்னணிகள் இரண்டு. துணியினால் வடித்த குருதி கிருமித் தொற்றுக்கு இடந்தரும் என்பதை அவ்வைத்தியர்கள் அறியாதவர்களல்லர். ஆயினும் குருதியிழந்து அக்கணமே இறப்பதா, பின்னர் வரக்கூடிய தொற்றை எதிர்கொள்வதா என்னும் தெரிவில் அவர்கள் உயிரையே தெரிந்தனர்.

போர்க்காலத்தில் குருதி பெற்ற ஒருவருக்கு அது யாருடையது, எங்குச் சோதிக்கப்பட்டது என்பதற்கான ஏடு கிடைப்பது அரிது. இடம்பெயர்ந்துகொண்டேயிருந்த வைத்தியசாலை தன் பதிவேடுகளைப் பேணியிருத்தல் இயலாது. பிரித்தானிய விசாரணையில் அழிக்கப்பட்ட ஏடுகள் பெரும் பிரச்சினையாயின. அங்கே அழித்தது அதிகாரம், இங்கே அழித்தது போர். எனினும் காலம் நமக்கு ஓரளவு சான்று தருகின்றது. மேலே காட்டிய கணக்கின்படி, 2009இல் இருபது வயதில் தொற்றுக்கு உள்ளாகிச் சிகிச்சை பெறாதோரிற் பாதிப்பேர் 2021இற்குள்ளும், ஐம்பது வயதினரிற் பாதிப்பேர் 2017இற்குள்ளும் இறந்திருப்பர். பெருமளவிலே தொற்று நேர்ந்திருப்பின் அது மறைந்திருக்க இயலாது. அத்தகைய நோயாளர் பெருக்கம் எதுவும் வன்னியில் தோன்றவில்லை. மக்களின் குருதி தூயதாயிருந்தமையே அவர்களைக் காத்தது எனக் கொள்வதில் தவறில்லை.

7

இம்முடிபு மனநிறைவுக்கு இடந்தரலாம்; அசட்டைக்கு இடந்தரலாகாது. மலேரியாவின் வரலாறே இதற்கு எச்சரிக்கை. 1963இல் 17 நோயாளரே எனக் கண்டு கண்காணிப்பைத் தளர்த்தியதன் விலையை அடுத்த தலைமுறை செலுத்தியது. 2012இல் கடைசி உள்நாட்டு மலேரியா நோயாளர் பதிவாகி, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. இம்முறை நோய் ஒழிந்த பின்னரும் கண்காணிப்பு நீடிக்கின்றது. குருதிப் பாதுகாப்பிலும் அதே நெறி வேண்டும். தொற்றிய ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனைக்கும் வைரசு அகப்படுவதில்லை. ஆகவே கொடையாளியின் நேர்மை சோதனைக்கூடத்தின் கருவிக்கு இணையான காப்பாகும். சாத்தூர் இளைஞருக்கு நேர்ந்த கதி எந்த ஊரில் நேர்ந்தாலும், அடுத்த கொடையாளி உண்மை சொல்லத் தயங்குவான். நோயாளியை இழிவுபடுத்தும் சமூகம் தன் குருதியைத் தானே மாசுபடுத்துகின்றது.

குறைவான பரவலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் தொற்றுடன் வாழும் நகரில் ஒருவர் தனியரல்லர். வன்னிக் கிராமமொன்றில் தொற்றுடைய ஒருவர், எவ்வழியால் அது வந்திருப்பினும், முற்றிலும் தனியர். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அரச சிகிச்சை நிலையங்கள் உண்டு, மருந்து இலவசம். காலத்தே தொடங்கி ஒழுங்காக உட்கொண்டால் அவரது வாழ்நாள் ஏனையோரின் வாழ்நாளை அண்மிக்கும். குருதியில் வைரசு அளவிடமுடியாதவாறு குறைந்துவிட்டால் அவரிடமிருந்து வாழ்க்கைத்துணைக்கும் தொற்றாது. தாயிலிருந்து சேய்க்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. மருத்துவம் தரவேண்டியதில் பெரும்பகுதியைத் தந்துவிட்டது. ஆயின், சிகிச்சை நிலையத்தின் வாயிலில் தன்னை யாரேனும் கண்டுவிடுவரோ என அஞ்சி ஒருவர் திரும்பிச் செல்வாராயின், இலவச மருந்தும் அவருக்கு 1996ஆம் ஆண்டின் விலையுயர்ந்த மருந்தாகவே ஆகிவிடும்.

போர்க்காலத்தில் குருதி பெற்றோர் இன்று நடுவயதினர். உடலிலே எறிகணைத் துண்டுகளைச் சுமந்து வாழ்வோர் அவர்களுட் பலர். அவர்களுக்கு எச்.ஐ.வி.க்கும் ஈரலழற்சிக்குமான சோதனையை வழமையான மருத்துவப் பரிசோதனையின் பகுதியாக, ஐயமோ வினாவோ இன்றி, இரகசியம் பேணி வழங்குவது நியாயமானது. இச்சோதனை எவரையும் சுட்டிக் காட்டுவதற்கன்று. எவரும் அறியாமையினால் இறவாமைக்கு. சோதனை முடிவை உரியவருக்கு உரிய முறையில் தெரிவிப்பதும் அதன் பகுதியே.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். குருதிவழித் தொற்றுற்ற வளர்ந்த ஒருவர் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதை முன்னர் அவரது வயது தீர்மானித்தது. பின்னர் மருந்தின் விலை தீர்மானித்தது. இன்று அதனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவரைச் சூழ்ந்து வாழும் மக்களே. ஊரவரின் குருதியால் உயிர் பிழைத்த வன்னி மக்களுக்கு இது புதிய செய்தியன்று. கொடையாளிக்கு அவர்கள் அளித்த மதிப்பை நோயாளிக்கும் அளிப்பார்களாயின், இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம் முந்தியவற்றினும் நல்லதாக அமையும் என நாம் நம்புகிறோம்.